ஜே.எஸ்.ஐ.என்.: தண்டனைச் சராசரி பார்க்கும் இலவசத் தளம், நான்கு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒருவருக்கு எத்தனை மாதம் சிறை என்று நீதிபதி சொல்லப்போகும் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், எங்கள் அலுவலகத்தில் என் மேசையில் ஒரு வேலை தொடங்கும். அமெரிக்கத் தண்டனை ஆணையத்தின் தளத்தைத் திறந்து மூன்று பெட்டிகளை நிரப்புவேன். எந்தக் குற்றத்துக்கான விதிப்பிரிவு, குற்றத்தின் கனத்தைச் சொல்லும் இறுதிக் குற்ற நிலை எத்தனை, முன்பு செய்த குற்றங்களை வைத்து வரும் முன்குற்ற வகை எத்தனை. அவ்வளவுதான். கடந்த ஐந்து நிதியாண்டுகளில் இதே மூன்று விடைகளோடு நாடு முழுவதும் எத்தனை பேர் நின்றார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று திரையில் வந்துவிடும். இந்தக் கருவிக்குப் பெயர் ஜுடிஷியரி சென்டென்சிங் இன்ஃபர்மேஷன். நாங்கள் எல்லோரும் ஜே.எஸ்.ஐ.என். என்றுதான் சொல்வோம். 2021 செப்டம்பரில் வந்தது. காசு கிடையாது, கணக்கு தொடங்க வேண்டாம், இதைப் படிக்கிற நீங்களே இப்போதே திறந்து பார்க்கலாம்.

நான் வழக்கறிஞர் இல்லை. நெல்லையில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆறு வருடம் புள்ளியியல் பாடம் நடத்தினேன். திருமணமாகி நியூ ஜெர்சி வந்த பிறகு படித்துத் தேறி, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் ஒரு வழக்கறிஞரிடம் உதவியாளராக இருக்கிறேன். தண்டனை மனுக்களின் முதல் வரைவு என் கையில்தான் வளரும். அதனால் இந்த விமர்சனத்தில் சட்டத்தைவிடக் கணக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

இந்தக் கருவி எதற்கு என்று புரிய, ஃபெடரல் நீதிமன்றத்தில், அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்தில், தண்டனை எப்படி முடிவாகிறது என்று தெரிய வேண்டும். மாநில நீதிமன்ற வழக்குகள் இதில் வராது. 1984 சட்டத்தின்படி அமைந்த ஆணையம் 1987-இல் ஒரு பெரிய அட்டவணை போட்டது. நெட்டாக 43 குற்ற நிலைகள், குறுக்காக 6 முன்குற்ற வகைகள், ஆக 258 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 'இத்தனை மாதம் முதல் இத்தனை மாதம் வரை' என்று இருக்கும். 2005-இல் புக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த அட்டவணை நீதிபதியைக் கட்டுப்படுத்தாது, அவர் பார்த்துவிட்டுத் தன் முடிவை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே கேள்வி: அட்டவணை சொல்வது இருக்கட்டும், மற்ற நீதிபதிகள் உண்மையில் என்ன கொடுக்கிறார்கள்? ஜே.எஸ்.ஐ.என். அதற்குத்தான் பதில் சொல்கிறது. ஒரே மாதிரிக் குற்றம் செய்தவர்களுக்குள் காரணமில்லாத ஏற்றத்தாழ்வு கூடாது என்று சட்டத்தின் 3553(ஏ) பிரிவு சொல்கிறது. அதை நீதிமன்றத்தில் கணக்கோடு பேச இதைவிட எளிய வழி இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது. இது வருவதற்கு முன்னால், 'இது போன்ற வழக்குகளில் பொதுவாக' என்று தொடங்கும் ஒரு பத்தியை இரண்டு தரப்பும் எழுதும். அவரவருக்குச் சாதகமான நாலு தீர்ப்பைப் பொறுக்கி வைத்துக்கொள்வார்கள். பெரிய நிறுவனங்கள் வேண்டுமானால் தரவு ஆய்வாளரை வைத்து ஆணையத்தின் மூலக் கோப்புகளைத் தோண்டும். எங்களைப் போன்ற மூன்று பேர் அலுவலகத்துக்கு அது கட்டுப்படியாகாது. இன்றைக்கு அரசுத் தரப்பு பார்க்கிற அதே எண்ணை, அரசு செலவில் நியமிக்கப்பட்ட வழக்கறிஞரும் பார்க்கிறார். சிறையில் இருப்பவரின் மனைவி தன் கைபேசியில் பார்க்கிறார். அந்தச் சமநிலையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பயன்படுத்துவதும் சுலபம். ஆங்கிலம் சுமாராகத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்துப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம்.

அப்புறம், நான் தடுக்கி விழுந்த இடம்.

தொடக்கத்தில் ஒரு மனுவில், திரையில் வந்த சராசரியை அப்படியே எடுத்துப் போட்டேன். எங்கள் வழக்கறிஞரம்மா பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, "இது யாரோட சராசரி?" என்று மட்டும் கேட்டார். ஆறு வருடம் மாணவிகளிடம் நான் கேட்ட கேள்வி அது. எந்த எண்ணால் வகுக்கிறோம், அது யாரை எண்ணுகிறது. பக்கத்தை மறுபடி நிதானமாகப் படித்தேன். இரண்டு கூட்டத்தாரை வெளியே நிறுத்திய பிறகுதான் அந்த எண் வருகிறது.

முதல் கூட்டம், அரசுத் தரப்புக்கு ஒத்துழைத்து அதற்காகத் தண்டனைக் குறைப்புப் பெற்றவர்கள். ஆணையத்தின் விதித்தொகுப்பில் 5கே1.1 என்ற பிரிவு. இவர்களை நீக்குவதில் எனக்குப் புகார் இல்லை. ஒத்துழைக்காதவரை ஒத்துழைத்தவரோடு ஒப்பிட முடியாது, அதைப் பக்கத்திலேயே தெளிவாகச் சொல்லியும் விடுகிறார்கள்.

இரண்டாவது கூட்டம்தான் முக்கியம். எல்லோரும் வெட்டி ஒட்டுகிற அந்த வரி, சிறைத்தண்டனை கிடைத்தவர்களுடைய சராசரியையும், வரிசையாக நிறுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவையும் சொல்கிறது. சிறையே இல்லாமல் ப்ரொபேஷனில், அதாவது கண்காணிப்பில், வீட்டுக்குப் போனவர்கள் அந்த வரியில் இல்லை. அவர்கள் விழுக்காட்டில் மட்டும் தெரிவார்கள், மாதக் கணக்கில் தெரிய மாட்டார்கள்.

என் பழைய வகுப்புப் பலகையில் போடுவது போல ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இது நானே வைத்துக்கொண்ட எண், எந்தக் கட்டத்தின் உண்மை விவரமும் இல்லை. பத்துப் பேர். நான்கு பேருக்குச் சிறை இல்லை. மற்ற ஆறு பேருக்கு 6, 8, 10, 12, 12, 12 மாதம். சிறை சென்றவர்களின் சராசரி 10 மாதம், இடைநிலை 11. பத்துப் பேரையும் சேர்த்தால் சராசரி 6, இடைநிலை 7. அதே பத்துப் பேர், அதே நீதிபதிகள். நாலு மாதம் எங்கே போனது? அந்த நான்கு பூச்சியங்களில் போனது.

இதில் இன்னொரு நுணுக்கம். சராசரியை நாமே சரிசெய்துவிடலாம். சிறை சென்றவர்கள் 60 விழுக்காடு, அவர்களின் சராசரி 10, பெருக்கினால் 6. ஆனால் இடைநிலையை அப்படிப் பெருக்கி எடுக்க முடியாது. அந்த ஒரு வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எத்தனை தலைகீழாக நின்றாலும் 11-இலிருந்து 7-க்கு வர வழி கிடையாது. மனுக்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவதோ இடைநிலைதான், 'நடுவில் நிற்பவர்' என்று சொன்னால் நியாயமாகக் காதில் விழுகிறது என்பதால்.

ஆணையத்தின் ஆண்டுப் புள்ளிவிவரத் தொகுப்பில் தண்டனைக் காலச் சராசரி போடும்போது ப்ரொபேஷனைப் பூச்சிய மாதம் என்றே எண்ணுகிறார்கள். ஆயுள் தண்டனையை 470 மாதம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஆணையம், ஒரே தரவு, இரண்டு இடத்தில் இரண்டு வழக்கம். தெரிந்தவருக்குச் சிக்கல் இல்லை. தெரியாதவருக்கு மாதக் கணக்கில் இழப்பு. அந்த மாதங்கள் ஒரு மனிதரின் மாதங்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கடந்த வருடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். 66 வயது, ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதியவர். நிறுவனப் பணத்தை எடுத்திருக்கிறார், மொத்த இழப்பு 1,80,000 டாலர். முதல் குற்றம். ஒப்புக்கொண்டார், பாதியைத் திருப்பிக் கட்டினார். இப்போது படிகளைப் பாருங்கள். மோசடிப் பிரிவில் அடிப்படை நிலை 7. இழப்பு 1,50,000-ஐத் தாண்டியதால் 10 கூடி 17. குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு 3 குறைந்து 14. முன்குற்றப் புள்ளியே இல்லாதவருக்கு 2 குறையும் என்ற புது விதியால் 12. அட்டவணையில் நிலை 12, வகை 1 என்றால் 10 முதல் 16 மாதம்.

ஜே.எஸ்.ஐ.என்.னில் 12 என்று போட்டேன், எண்கள் வந்தன. அரசுத் தரப்பும் அதையே போட்டு, சிறை சென்றவர்களின் வரியை எடுத்து எழுதி, ஒரு வருடம் சிறை கேட்டது. அவர்கள் எழுதியதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் மேலே சொன்ன பூச்சியங்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் புது விதி. முன்குற்றப் புள்ளி இல்லாதவருக்கான குறைப்பு 2023 நவம்பர் 1-இல்தான் அமலுக்கு வந்தது. கருவி காட்டுவதோ ஐந்து வருடத் தொகுப்பு. அதற்கு முன்னால் எங்கள் கட்சிக்காரர் போன்றவர்கள் நிலை 14-இல் எண்ணப்பட்டிருப்பார்கள். அன்றைக்கு 12-இல் இருந்தவர்கள் வேறு மாதிரிக் குற்றம் செய்தவர்கள், சிறிய இழப்பு, இன்னும் லேசான வழக்கு. ஒரே கட்டத்துக்குள் இரண்டு விதமான மக்கள் கலந்து கிடக்கிறார்கள். கருவி அவர்களைப் பிரித்துக் காட்டாது. பிரிக்காமல் எடுத்த சராசரி யாரைப் பற்றிச் சொல்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், ஆணையத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் தனிநபர் தரவுக் கோப்புகளை இறக்கினேன். பெயர் இருக்காது, நீதிபதி யார் என்றும் இருக்காது, ஒரு வரிக்கு ஒரு மனிதர். சனி ஞாயிறு இரண்டு நாளும் அதில் போனது. ஒவ்வொரு வரியையும் வைத்து 12 யார், 14 யார் என்று பிரித்து, பூச்சியங்களைச் சேர்த்து, ஒரு பக்க அட்டவணை ஆக்கினேன். அப்போது மகன் வந்து, "இத்தனை வரியும் ஆட்களாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

இதே தளத்தில் இன்னொரு கருவி இருக்கிறது, இன்டராக்டிவ் டேட்டா அனலைசர். வயது, பாலினம், இனம், மாவட்டம், குற்ற வகை என்று பலவற்றை வைத்துச் சலிக்கலாம். வகுப்பறைக்கும் பத்திரிகையாளருக்கும் அதைத்தான் சொல்வேன். ஜே.எஸ்.ஐ.என்.னில் வயதும் இல்லை, மாவட்டமும் இல்லை. ஒருவகையில் அது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, இனத்தையும் பாலினத்தையும் போட்டுத் தண்டனை தேடும் கருவியை யாரும் விரும்ப மாட்டோம். ஆனால் பெட்டியில் இனம் இல்லை என்பதால் எண்ணுக்குள் இனம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆணையமே 2023-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2017 முதல் 2021 வரையான நிதியாண்டுகளில் கறுப்பின ஆண்களுக்குக் கிடைத்த தண்டனை வெள்ளை ஆண்களுடையதைவிட 13.4 விழுக்காடு நீளம். மற்ற காரணிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு வந்த எண் அது. அந்த நீளமும் இந்தச் சராசரிக்குள் கரைந்து கிடக்கிறது. நேற்றைய வழக்கத்தை இன்றைய அளவுகோலாக எடுத்தால், நேற்றைய கோணலும் கூடவே வரும்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும், மரண தண்டனை பெற்ற மெக்கிளெஸ்கி என்ற கறுப்பினத்தவரின் வழக்கு ஞாபகம் வரும். ஜார்ஜியா மாநிலத்தில் 2,000-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை டேவிட் பால்டஸ் என்ற பேராசிரியர் குழு ஆராய்ந்தது. கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனைக்கான வாய்ப்பு விகிதம் 4.3 மடங்கு. 1987-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதை ஒதுக்கியது. கூட்டத்தைப் பற்றிய கணக்கு இந்த ஒரு மனிதருடைய வழக்கில் பாகுபாடு நடந்தது என்று நிரூபிக்காது என்பது காரணம். மெக்கிளெஸ்கிக்கு 1991-இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், ஓய்வுக்குப் பிறகு, அந்த வாக்கை மாற்றிக்கொள்வேன் என்று தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் சொன்னார். தண்டனையை எதிர்ப்பவர் கொண்டுவந்தபோது கூட்டத்துக் கணக்கு தனிமனிதருக்குப் பொருந்தவில்லை. இன்று தண்டனை கேட்பவர் கொண்டுவரும்போது பொருந்துகிறது. எனக்கு இது நெஞ்சில் தைக்கிற விஷயம். கூட்டத்துக் கணக்கு எவ்வளவு தூரம் பேசும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு இரு தரப்புக்கும் ஒரே விதி வேண்டும்.

சரி, அடுத்த பெரிய குறை. இது கருவி செய்யும் தவறு என்று சொல்ல மாட்டேன், கருவியில் இல்லாத பாதி என்று சொல்வேன். 3553(ஏ) ஏற்றத்தாழ்வைப் பற்றி மட்டும் பேசவில்லை. தண்டனை மற்றவர்களைக் குற்றத்திலிருந்து தடுக்க வேண்டும், இவர் மறுபடி செய்யாமல் காக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அரசுத் தரப்பு மனு ஒவ்வொன்றிலும் 'பொதுத் தடுப்பு' என்று ஒரு பத்தி வரும், அதில் எண்ணே இருக்காது. ஜே.எஸ்.ஐ.என். மற்ற நீதிபதிகள் எத்தனை மாதம் கொடுத்தார்கள் என்று சொல்லும். அந்த மாதங்களால் என்ன நடந்தது என்று சொல்லாது.

சொல்வதற்குத் தரவு இல்லாமல் இல்லை. அதே ஆணையத்தின் அறிக்கைகள் அதே தளத்தில் கிடக்கின்றன. 2005-இல் சிறையிலிருந்து விடுதலையான அல்லது ப்ரொபேஷன் தொடங்கிய 25,431 பேரை எட்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேர் மறுபடி கைதானார்கள். வயதுவாரியாகப் பிரித்தால் படம் மாறுகிறது. 21 வயதுக்குள் வெளியே வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் மறுபடி கைதானார்கள். 65-ஐத் தாண்டி வந்தவர்களில் ஏழில் ஒருவர்கூட இல்லை. சிறைக்காலத்தின் நீளத்தை வைத்து 2020-இலும் 2022-இலும் இரண்டு அறிக்கைகள் போட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர்கள், அவர்களோடு ஒப்பிடத்தக்க குறைவான காலம் இருந்தவர்களைவிட மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. ஐந்து முதல் பத்து வருடம் என்றால் 17, 18 விழுக்காடு. ஐந்து வருடமோ அதற்குக் கீழோ என்றால், புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை.

எங்கள் கட்சிக்காரருக்குக் கேட்டது 12 மாதம். 66 வயது. இந்த இரண்டு வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். இது இவர் மறுபடி செய்வாரா என்பதற்கான கணக்கு, ஊரில் மற்றவர்கள் பயந்து திருந்துவார்களா என்பதற்கு இல்லை. அந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவது எங்கள் தரப்பிலும் நடக்கிறது, நான் அதைச் செய்வதில்லை. பொதுத் தடுப்பைப் பற்றி நேர்மையாகச் சொல்ல முடிவது வேறு. பிடிபடுவோம் என்ற உறுதிதான் தண்டனையின் கடுமையைவிட அதிகம் தடுக்கிறது. டேனியல் நேகின் போன்ற குற்றவியல் ஆய்வாளர்கள் காட்டும் இதை, அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்தின் ஆய்வுப் பிரிவே பொதுமக்களுக்கான குறிப்பாக வெளியிட்டிருக்கிறது.

இதில் எண்கள் எவ்வளவு ஆபத்தாகவும் முடியலாம் என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1975-இல் ஐசக் எர்லிக் என்ற பொருளியலாளர், ஒரு மரண தண்டனை ஏறத்தாழ எட்டுக் கொலைகளைத் தடுக்கிறது என்று ஒரு சமன்பாட்டிலிருந்து சொன்னார். அது உச்ச நீதிமன்றம் வரை மேற்கோள் ஆனது. மற்றவர்கள் அதே தரவில் ஆண்டுகளைக் கொஞ்சம் மாற்றி எடுத்தபோது முடிவு கலைந்துபோனது. 2012-இல் அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு, மரண தண்டனையின் தடுப்பு விளைவு பற்றிய அதுவரையான ஆய்வுகளை வைத்துக் கொள்கை முடிவு எடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. இப்படி ஒரு புள்ளியியல் சமன்பாட்டில் எந்த மாறியைச் சேர்த்தோம் என்பதில் ஒரு உயிர் தொங்கலாம். என் மாணவிகளுக்கு அன்று இதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

யாருக்கு இந்தக் கருவியைப் பரிந்துரைப்பேன்? வழக்கில் சிக்கிய குடும்பங்களுக்குக் கட்டாயம். முதல் நாள் பயத்தில் '20 வருடம் வரை' என்ற சட்டத்தின் உச்ச அளவைப் பார்த்துவிட்டுத் தூங்காமல் இருப்பவர்களுக்கு, உண்மையில் எண்கள் எங்கே நிற்கின்றன என்று இது காட்டும். ஆனால் நிலை எண்ணை நீங்களே கணக்குப் போடாதீர்கள், உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுப் போடுங்கள். நிலை இரண்டு மாறினால் விடை வேறாகிவிடும். எத்தனை பேர் என்ற எண்ணையும் பாருங்கள். மேல் நிலைகளில் சில கட்டங்களில் ஆட்கள் மிகக் குறைவு, அங்கே சராசரியை நம்பாதீர்கள். வழக்கறிஞர்களுக்கு: விழுக்காட்டு வரியையும் சேர்த்தே ஒட்டுங்கள்.

ஆணையத்துக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, பூச்சியங்களையும் சேர்த்த இடைநிலை எல்லோர் கண்ணிலும் முதலில் படும்படி இருக்க வேண்டும். இரண்டு, விதி மாறிய தேதியில் ஒரு கோடு கிழித்து, முன் பின் என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். இந்த இரண்டும் வந்தால் நாலரை.

தண்டனை நாளன்று நீதிபதி இரண்டு தரப்பு எண்களையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு, ஏன் வேறுபடுகின்றன என்று கேட்டார். எங்கள் வழக்கறிஞரம்மா அந்த ஒரு பக்க அட்டவணையைக் காட்டி, ஐந்து நிமிடத்தில் விளக்கினார். அரசு வழக்கறிஞர் அந்தக் கணக்கை மறுக்கவில்லை, நம்பிக்கைத் துரோகத்தின் கனத்தைப் பற்றிப் பேசினார், அதுவும் நியாயமான பேச்சுதான். கடைசியில் மூன்று வருட ப்ரொபேஷன், அதில் ஆறு மாதம் வீட்டுக்காவல், மிச்சப் பணத்தையும் கட்ட வேண்டும். பெயரில்லாத ஒரு வரியாக அவரும் அந்த வருடத்துக் கோப்பில் சேர்வார். சிறை சென்றவர்களின் சராசரியில் மட்டும் அவர் இருக்க மாட்டார்.